பெயர் வைத்த பிறகும் பார்ப்பது

திருவல்லிக்கேணியில் கடல் என்றால் மெரினாதான். ஆனால் இந்தப் பேட்டையின் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் இன்னும் சில கடல்கள் கண்ணில் படும். சமையலறை மேடையில் பதித்திருக்கும் கடப்பாக் கல் ஒரு கடலின் அடித்தரை. சுவரில் இருக்கும் சிமென்ட்டில் அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக் கல் அரைபட்டிருக்கலாம். அது வேறொரு கடல். நூறு வருஷத்துப் பழைய வீடென்றால் சிமென்ட்டே இருக்காது. சிப்பியைச் சுட்டு நீற்றி, கடுக்காயும் வெல்லமும் சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு இருக்கும். பார்த்தசாரதி கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் பல பூஜை அலமாரிகளில் சாளக்கிராமம் உண்டு. அது நேபாளத்தின் கண்டகி ஆற்றிலிருந்து வருகிறது. இமயமலை எழுவதற்கு முன்பு அங்கே இருந்த கடலின் சேற்றில் புதைந்த அமோனைட் என்னும் உயிரின் சுருள் அது.

இந்தக் கற்கள் எல்லாவற்றிடமும் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றுதான்: உன்னைச் செய்த உயிர் எது? சிப்பியும் அமோனைட்டும் உடனே பதில் சொல்லிவிடும். அவற்றுக்கு ஓடு உண்டு, ஓட்டுக்கு வடிவம் உண்டு. பழங்காலக் கடல்களின் சுண்ணாம்புக் கல்லில் கணிசமான பகுதியைக் கட்டியவை ஓடும் எலும்பும் இல்லாத இரண்டு கூட்டங்கள். ஒன்று, நுண்ணுயிர்ப் படலங்கள். மற்றொன்று, கடற்பஞ்சுகள். இவை இரண்டும் கல்லில் விட்டுப்போன தடங்களைப் பிரித்தறிவது நிலவியலின் கடினமான வேலைகளில் ஒன்று. அந்த வேலையின் வரலாற்றைப் படிக்கும்போது, கல்லைப் பற்றித் தெரிந்துகொண்டதைவிட, பார்க்கிற கண்ணைப் பற்றித் தெரிந்துகொண்டதே அதிகம் என்று தோன்றுகிறது.

முதலில் நுண்ணுயிர்கள். ஆழமில்லாத கடலில் வெளிச்சம் படும் தரையின்மேல் நீலப்பசும்பாசிகள் வழுவழுப்பான படலமாகப் பரவுகின்றன. வியர்த்த காலில் மெரினா மணல் அப்பிக்கொள்வதுபோல, அந்தப் பிசுபிசுப்பில் நுண்மணல் ஒட்டிக்கொள்கிறது. மணல் மூடினால் வெளிச்சம் போய்விடும். எனவே பாசி இழைகள் மணலைத் துளைத்துக்கொண்டு மேலே வந்து மறுபடி ஒரு படலம் விரிக்கின்றன. ஒளிச்சேர்க்கைக்காகத் தண்ணீரிலிருந்து கரியமில வாயுவை அவை இழுத்துக்கொள்ள, அந்த இடத்தில் நீரின் காரத்தன்மை கூடிச் சுண்ணாம்பும் படிகிறது. இப்படி அடுக்கடுக்காக உயர்ந்து மேடாகவும் தூணாகவும் இறுகிய கல்லுக்கு ஜெர்மானிய நிலவியலாளர் எர்ன்ஸ்ட் கல்கோவ்ஸ்கி 1908இல் ஸ்ட்ரோமட்டோலைட் என்று பெயர் வைத்தார். நம் பக்கத்து உதாரணம் வேண்டுமென்றால் கடப்பா மாவட்டத்து வேம்பள்ளிக்குப் போகலாம். அங்குள்ள பாறைகளில் சுமார் 190 கோடி ஆண்டுப் பழைய ஸ்ட்ரோமட்டோலைட்டுகள் இருக்கின்றன. அந்தக் காலத்தில் மீன் கிடையாது, நத்தை கிடையாது, புழுகூடக் கிடையாது. இதே வேலையை இன்றும் செய்கிற உயிர்களை ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவில் பார்க்கலாம். ஆண்டுக்கு அரை மில்லிமீட்டர்கூட வளராமல், யாருக்கும் அவசரமில்லாமல், அங்கே கல் உருவாகிக்கொண்டிருக்கிறது.

கடற்பஞ்சின் கதை வேறு. அது விலங்குதான், ஆனால் வாய், வயிறு, நரம்பு, மூளை எதுவும் இல்லாத விலங்கு. உடம்பு முழுக்கத் துளைகள். அவற்றின் வழியே தண்ணீரை இழுத்து, அதிலுள்ள பாக்டீரியாக்களை வடித்துச் சாப்பிட்டுவிட்டு, மீதியை வெளியே தள்ளுகிறது. பெரும்பாலான பஞ்சுகளுக்கு உடம்புக்குள் கண்ணாடிச் சத்தாலோ சுண்ணாம்பாலோ ஆன நுண்முட்கள் உண்டு. அவை கல்லில் மிஞ்சினால் அடையாளம் காண்பதில் சிக்கலில்லை. முட்களே இல்லாத பஞ்சுகளும் இருக்கின்றன. குளிக்கப் பயன்படும் பஞ்சு அந்த வகை. அதற்கு உள்ளே இருப்பது மென்மையான நார்வலை மட்டுமே. செத்ததும் சதை அழுகத் தொடங்குகிறது. அழுகலைச் செய்யும் நுண்ணுயிர்களின் வேலையால் சதையிருந்த இடம் நுண்ணிய சுண்ணாம்புச் சேறாக இறுகுகிறது. பிறகு நாரும் கரைந்துபோய், நாரிருந்த இடத்தில் தெளிவான கால்சைட் படிகம் நிரம்புகிறது. கடைசியில் மிஞ்சுவது, மங்கிய பின்னணியில் கிளைத்தும் மறுபடி சேர்ந்தும் ஓடும் வெளிறிய நுண்குழல்களின் வலை. உயிர் போய்விட்டது, நாரும் போய்விட்டது. இல்லாமற்போன ஒன்றின் இடத்தை மட்டும் கல் நினைவில் வைத்திருக்கிறது.

இந்த இரண்டு உயிர்க் கூட்டங்களையும் உயிரோடு அறிந்துகொள்வதில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. மாநிலக் கல்லூரியில் படித்த எம்.ஓ.பி. ஐயங்கார் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாசியியல் ஆராய்ச்சிக்கு ஒரு பரம்பரையையே உருவாக்கினார். இந்தியப் பாசியியலின் தந்தை என்று அவரைச் சொல்வது வழக்கம். அந்த மரபில் வந்த டி.வி. தேசிகாச்சாரி 1959இல் வெளியிட்ட 'சயனோஃபைட்டா' நூல், நீலப்பசும்பாசிகளை இனம் காண உலகெங்கும் புரட்டப்படும் கையேடுகளில் ஒன்றாயிற்று. கடற்பஞ்சுகளின் பக்கம் பார்த்தால், சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1880களில் மன்னார் வளைகுடாவில் திரட்டிய பஞ்சுகளை விலங்கியலாளர் ஆர்தர் டெண்டி ஆராய்ந்து விவரித்தார். உயிருள்ளதை நன்றாகத் தெரிந்தவருக்குத்தான் செத்ததின் தடம் பிடிபடும். கல்லைப் படிக்கிறவர்கள் கடலோரத்தில் பாடம் கேட்க வேண்டியிருப்பது அதனால்தான்.

பாடம் கேட்டாலும் தேர்வு கடினமானது. கல்லிலிருந்து ஒரு சில்லை வெட்டி, கண்ணாடியில் ஒட்டி, 0.03 மில்லிமீட்டர் கனம் வரும்வரை தேய்க்கிறார்கள். நிலவியல் மாணவர்கள் தின் செக்‌ஷன் என்று சொல்வது இதைத்தான். அந்த மெலிவில் கல்லின் வழியே ஒளி ஊடுருவும். அதை நுண்ணோக்கியில் வைத்துக் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். அடுக்கு, மேட்டின் உச்சியில் கனமாக இருக்கிறதா, பள்ளத்தில் கனமாக இருக்கிறதா? வெறும் சேறு படிந்திருந்தால் பள்ளத்தில் தேங்கியிருக்கும். வெளிச்சத்தைத் தேடி உயிர் வளர்ந்திருந்தால் உச்சியில் தடித்திருக்கும். மணல் சரிந்து விழ வேண்டிய செங்குத்தான பக்கத்திலும் துகள்கள் நிற்கின்றனவா? நின்றால், எதுவோ அவற்றைப் பிடித்து வைத்திருக்கிறது. குழல்களின் விட்டம் எங்கும் ஏறக்குறைய ஒரே அளவா? அவை பிரிந்தபின் மறுபடி கூடுகின்றனவா? அந்த வலைக்கு எல்லை உண்டா, கல் முழுக்கச் சிதறியிருக்கிறதா?

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சின்னஞ்சிறு சேற்று உருண்டைகள் குவிந்து, அவற்றின் நடுவிலுள்ள இடைவெளிகளில் படிகம் நிரம்பினாலும், வெட்டுமுகத்தில் அந்த இடைவெளிகள் கிளைத்தோடும் குழல்களாகவே தெரியும். நாம் பார்ப்பது கனமுள்ள ஒரு பொருளின் ஒற்றைத் தளத்தை. அதில் குழல் என்று தெரிவது உண்மையில் குழலாகவும் இருக்கலாம், இரண்டு உருண்டைகளுக்கு நடுவிலுள்ள சந்தாகவும் இருக்கலாம். கல்லை மைக்ரான் கணக்கில் தேய்த்துத் தேய்த்து, ஒவ்வொரு முகத்தையும் படமெடுத்து, அவற்றை அடுக்கி முப்பரிமாண உருவத்தை மீட்டால்தான் ஓரளவு தெளிவு கிடைக்கும். அப்போதும் முழுத் தீர்ப்பு கிடைத்துவிடும் என்று உறுதியில்லை.

இத்தனை எச்சரிக்கை எதற்கு என்பதற்கு வரலாறு பதில் வைத்திருக்கிறது. கனடாவின் மிகப் பழைய பாறையில் கிடைத்த வரிவரியான கல்லை 1865இல் ஜான் வில்லியம் டாசன் ஆதி விலங்கு என்று அறிவித்து, இயோசூன் எனப் பெயர் வைத்தார். டார்வினும் உயிரினத் தோற்றம் பற்றிய தம் நூலின், மறு ஆண்டு வந்த நான்காம் பதிப்பில் அதற்கு இடம் கொடுத்தார். பல ஆண்டுகள் வாதம் நடந்தது. 1894இல் வெசுவியஸ் எரிமலை கக்கிய கற்களிலும் அதே வரிகள் இருப்பது காட்டப்பட்டது. வெப்பமும் அழுத்தமும் கல்லை உருமாற்றும்போது தாமாக விழும் கோடுகள் அவை; எந்த உயிரும் அங்கே இருந்ததில்லை.

இது பழங்கதை என்று தள்ளிவிடவும் முடியாது. 2021இல் மத்தியப் பிரதேசத்து பீம்பேட்கா குகையின் கூரையில் 55 கோடி ஆண்டுப் பழைய டிக்கின்சோனியா என்னும் உயிரின் தடம் கிடைத்ததாக ஆய்விதழில் கட்டுரை வந்தது. உலகச் செய்தித்தாள்கள் கொண்டாடின. பிறகு வேறு ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தபோது தடம் உரிந்துகொண்டிருந்தது. அதில் தேன்மெழுகு இருந்தது. அது தேன்கூடு கட்டியிருந்த இடத்தின் மிச்சம். 2023இல் அது அச்சில் வந்தபோது, முதற்கட்டுரையை எழுதிய ஆய்வாளரே தவற்றை ஒப்புக்கொண்டார். 2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் உருண்டை உருண்டையாகக் கற்கள் வெளிப்பட்டதும் 'டைனோசர் முட்டை' என்று ஊரெல்லாம் பேச்சாயிற்று. நிலவியலாளர்கள் பார்த்து, அமோனைட்டுகளைச் சுற்றி இறுகிய கடற்படிவுகள் என்று சொன்னார்கள். கைபேசிகளில் முட்டை பறந்த வேகம் இந்த விளக்கத்துக்கு வாய்க்கவில்லை.

இந்தப் பிழைகள் எல்லாம் ஒரே திசையில் சாய்கின்றன. எல்லாமே பெரியதை நோக்கி, முதலாவதை நோக்கி, அரியதை நோக்கி. வரிக்கல்லைப் பார்த்துவிட்டு 'இது வெறும் வரிக்கல்' என்று அறிவித்துத் தவறு செய்தவரைப் பற்றிச் செய்தி வருவதில்லை. விரும்பியதைப் பார்ப்பது கண்ணின் முதல் நோய்.

இரண்டாவது நோய் ஒன்றும் உண்டு. அது இன்னும் நுட்பமானது. நியூயார்க் மாநிலத்தின் சரடோகா ஸ்பிரிங்ஸ் அருகே முட்டைக்கோஸை வெட்டி வைத்த மாதிரி வட்டம் வட்டமாக ஒரு பாறை இருக்கிறது. கேம்பிரியன் காலத்தின் இறுதியைச் சேர்ந்தது. ஜேம்ஸ் ஹால் 1883இல் அதை ஒரு விலங்கின் எச்சம் என்று கருதி கிரிப்டோசோன் என்று பெயர் வைத்தார். 1938இல் வினிஃப்ரெட் கோல்ட்ரிங் அவற்றைப் பாசிகள் கட்டிய திட்டுகள் என்று எழுதினார். அதன் பிறகு கிரிப்டோசோன் பாடப்புத்தக ஸ்ட்ரோமட்டோலைட் ஆகிவிட்டது. எத்தனையோ பேர் வந்து நின்று பார்த்தார்கள். எல்லாருக்கும் விடை முன்பே தெரிந்திருந்தது. 2021இல் கொரியாவின் ஜியோங்-ஹியுன் லீயும் பிரிட்டனைச் சேர்ந்த ராபர்ட் ரைடிங்கும் அதன் தின் செக்‌ஷன்களை மறுபடி ஆராய்ந்தார்கள். நுண்ணுயிர் அடுக்குகளுக்கு நடுவே அந்த வெளிறிய குழல்வலை அடுக்குகளும் இருந்தன. நாரால் ஆன கடற்பஞ்சும் நுண்ணுயிர்ப் படலமும் மாறி மாறிப் படர்ந்து அந்தக் கல்லைக் கூட்டாகக் கட்டியிருந்தன என்று அவர்கள் முடிவு சொன்னார்கள்.

ஹால் விலங்கு என்றார். கோல்ட்ரிங் பாசி என்றார். லீயும் ரைடிங்கும் இரண்டும் என்கிறார்கள். இந்தக் குழல்வலைகளை எல்லாம் பஞ்சு என்று ஏற்க இன்னும் கூடுதல் ஆதாரம் வேண்டும் என்று சொல்லும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். அவர்கள் அப்படிச் சொல்வது அவசியமும்கூட. நமக்கு இதில் முக்கியம் வேறொன்று. அந்தக் கல் எப்போதும் வெளியில்தான் கிடந்தது. எதையும் அது மறைத்து வைக்கவில்லை. பெயர் அதன்மேல் ஒட்டிக்கொண்டதும் பார்ப்பவர்கள் கல்லை விட்டுவிட்டுப் பெயரைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். இயோசூனில் இல்லாத உயிரைக் கண்டார்கள். கிரிப்டோசோனில் இருந்த உயிரைக் காணாமல் விட்டார்கள். முதற்பிழை ஆசையால் வந்தது, இரண்டாவது பழக்கத்தால் வந்தது. ஆசையை அடக்க வேண்டும் என்று எல்லாச் சாஸ்திரங்களும் சொல்லியிருக்கின்றன. பழக்கத்தை அடக்கச் சொல்பவர்கள் குறைவு.

பெயரே வேண்டாம் என்பது இதற்கு மருந்தல்ல. பெயர் இல்லாமல் அறிவு ஓர் அடி நகராது. பெயரை எவ்வளவு தளர்வாகப் பிடிப்பது என்பதே கேள்வி. கனடாவின் எலிசபெத் டர்னர் அந்நாட்டின் வடமேற்கில் சுமார் 89 கோடி ஆண்டுப் பழைய நுண்ணுயிர்த் திட்டுகளுக்குள் இதே குழல்வலையைக் கண்டார். அது பஞ்சுதான் என்றால், ஐயத்துக்கு இடமில்லாத மிகப் பழைய பஞ்சுகளைவிடவும் முப்பது கோடி ஆண்டுகளுக்கு மேல் விலங்குகளின் வயது பின்னால் போகும். 2021இல் அதை வெளியிட்டபோது, பஞ்சாக 'இருக்கக்கூடும்' என்ற அளவில்தான் தலைப்பு வைத்தார். வாழ்நாள் கண்டுபிடிப்பாக முழங்கியிருக்கலாம். எதிர்வாதம் செய்கிறவர்களுக்கு வாசலைத் திறந்து வைத்துவிட்டு எழுதினார். ஐயம் என்பதைக் கோழைத்தனமாக எடுத்துக்கொள்கிறோம். பார்க்கப்படும் பொருளுக்குப் பார்ப்பவர் தரும் மரியாதை அது.

நம் அரியலூர்ப் பாறைகளும் இந்தத் தளர்ந்த பிடியால்தான் தெளிவடைந்து வந்திருக்கின்றன. கல்கத்தாவிலிருந்த இந்திய நிலவியல் ஆய்வுத்துறைக்காக ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா தென்னிந்தியாவின் கிரெட்டேசியஸ் உயிர்களைப் பல தொகுதிகளாக எழுதினார். 1873இல் வந்த தொகுதி பவளங்களைப் பற்றியது. கடற்பஞ்சுகளைப் பற்றிய குறிப்புகளும் அதில் உண்டு. மறு ஆண்டே லடாக்கில் அவர் உயிர் போயிற்று. 1936இல் எல். ராமராவும் ஆஸ்திரியாவின் ஜூலியஸ் பியாவும் நின்னியூர்ச் சுண்ணாம்புக் கல்லிலிருந்து புதைபடிவப் பாசிகளை விவரித்தார்கள். அந்த அடுக்கைக் கிரெட்டேசியஸின் உச்சி என்று அவர்களது தலைப்பே சொன்னது. இன்று அதை டைனோசர்கள் அழிந்த பிறகு வந்த பேலியோசீன் காலத்தது என்று கொள்கிறார்கள். கல் அப்படியே இருக்கிறது. அதன் வயதைப் பற்றிய நம் வாக்கியம்தான் மாறியிருக்கிறது. கல்லக்குடியின் சுமார் 11 கோடி ஆண்டுப் பழைய பவள, பாசித் திட்டுகளோ பெயருக்கே பெயர்போன இடத்தில் இருக்கின்றன. டால்மியாபுரம் என்றிருந்த பெயரைக் கல்லக்குடி என்று மாற்றக் கோரி 1953இல் தண்டவாளத்தில் தலை வைத்த போராட்டம் தமிழர் அறிந்தது. ரயில் நிலையத்தின் பெயர் பிறகு மாறியது. அந்தப் பாறை அடுக்கை நிலவியல் நூல்கள் இன்றும் டால்மியாபுரம் அடுக்கு என்றே குறிக்கின்றன. எந்தப் பெயரால் அழைத்தாலும் உள்ளே இருக்கும் பவளமும் பாசியும் அவைதான்.

சாளக்கிராமத்தைக் கும்பிடுகிறவரிடம் போய் அது அமோனைட் என்று வாதாட வேண்டியதில்லை. அதில் சக்கரத்தைக் காண்பவர் அதை எதற்கும் சான்றாக நிறுத்தவில்லை. சான்றாக நிறுத்தும்போதுதான் பெயருக்குப் பொறுப்பு வருகிறது. ஆனால் மனிதர்கள் விஷயத்தில் நாம் நாள்தோறும் பெயரையே சான்றாக நிறுத்துகிறோம். திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் தங்கி வேலை தேடும் இளைஞனுக்கு வீடு கொடுக்க மறுப்பதற்கு 'பேச்சிலர்' என்ற ஒரே பெயர் போதுமானதாக இருக்கிறது. சாதி ஒரு பெயர், ஊர் ஒரு பெயர், 'அவன் அப்படித்தான்' என்பது இன்னொரு பெயர். வைத்தவுடன் பார்ப்பது நின்றுவிடுகிறது. கிரிப்டோசோன் என்னும் 49 கோடி ஆண்டுக் கல்லுக்குள் இரண்டு உயிர்கள் மாறி மாறி வாழ்ந்ததைக் கண்டுகொள்ள, ஒன்றுதான் என்ற நினைப்பை யாரோ இருவர் ஒதுக்கிவைக்க வேண்டியிருந்தது. எதிர்வீட்டு மனிதருக்குள் எத்தனை அடுக்குகள் இருக்கும் என்பதை அறியவும் அதே முயற்சிதான் தேவை. அறிவது என்பது பெயரைக் கண்டுபிடிப்பதோடு முடிவதில்லை. பெயர் தெரிந்த பிறகும் கண்ணை எடுக்காமல் இருப்பதில் அது தொடங்குகிறது.

இதைப் பழகிக்கொள்ள நமக்குப் பக்கத்திலேயே பள்ளிக்கூடம் இருக்கிறது. அரியலூரை அடுத்த வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது; பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போங்கள். அரியலூர், கல்லக்குடி சுண்ணாம்புக் கற்கள் நாள்தோறும் சிமென்ட் ஆலைக்குப் போகின்றன. சிமென்ட் வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. நாமெல்லாம் அதற்குள்தான் குடியிருக்கிறோம். ஒவ்வொரு பழைய சுரங்கத்திலும் அடுக்குகள் தெளிவாகத் தெரியும் ஒரு சுவரையாவது வெட்டாமல், நீரில் மூழ்கவிடாமல், மாணவர்களுக்காக விட்டுவைக்கும்படி அரசும் ஆலைகளும் முடிவெடுக்க வேண்டும். கிரிப்டோசோனை 138 ஆண்டுகள் கழித்துத் திருத்திப் படிக்க முடிந்ததற்கு ஒரே காரணம், அந்தக் கல் அங்கே இன்னும் இருந்தது என்பதுதான். அரைத்துவிட்ட கல்லை யாராலும் மறுபடி பார்க்க முடியாது.